புன்னை மரமும் ஒரு கூடப்பிறந்தவளும்

கிரேக்கப் புராணத்தில் மரத்துக்கு மரம் ஒரு தேவதை உண்டு. அதில் ஹமட்ரையாட் ரொம்பப் பாவம். மரத்தை வெட்டினால் அவளும் செத்துப்போவாள். வடக்கே கி.மு. 2-ஆம் நூற்றாண்டு பார்ஹுத் ஸ்தூபியில், மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும் யட்சிகள் (இப்போது கொல்கத்தா இந்தியன் மியூசியத்தில்).

நம்ம கடற்கரைக் கதை வேற மாதிரி. நற்றிணை 172-ஆம் பாட்டைப் பாருங்க. சின்னப் பெண்கள் விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்துவிடுகிறது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். இது உங்களைவிட ஒசத்தியான கூடப்பிறந்தவள் என்கிறாள் அம்மா. பின்னாளில் அந்த நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அவளுக்கு வெட்கம்! வேற மர நிழல் இல்லையா என்கிறார்கள். தேவதையும் இல்லை, பேயும் இல்லை... உறவு!

நொச்சிக்குப்பத்தின் பேரிலேயே ஒரு மரம் இருக்கு. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கபாலீஸ்வரர் கோவில், தல விருட்சம் அதே புன்னைதான். மயிலாக வந்த பார்வதி பூஜை செய்தது அதன் அடியில்தான் என்பது தல புராணம். புன்னைவனநாதர் சன்னதியும் உண்டு.

கோவில் மரத்தை யாரும் தொட மாட்டாங்க, பயம். தெருவோர மரத்துக்கு அந்தப் பயம் உதவாது. கூடப்பிறந்தவள்னு நினைச்சாத்தான் வெட்டுற கை கூசும். நீங்க என்ன சொல்றீங்க?