ஆற்றுப்படகு ஓவியம்

ஆற்றுப்படகு ஓவியம் என்பது கரையிலோ மற்றொரு படகிலோ அமர்ந்து, ஆற்றில் நிற்கும் அல்லது ஓடும் படகுகளை நேரில் பார்த்தபடியே வரையும் முறை. நிலக்காட்சி ஓவியத்தின் ஒரு கிளையாக இது கருதப்படுகிறது. இவ்வாறு வெளியிடத்தில் வரைவதைக் கலைக் கல்லூரி மாணவர்கள் ‘ஸ்பாட் பெயின்டிங்’ என்றும் ‘அவுட்டோர்’ என்றும் சொல்வார்கள். வெயில் சாய்வதும், கட்டிய படகு நீரோட்டத்தில் திரும்புவதும், நீர்மட்டம் மாறுவதும் ஓவியர் முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. இக்கலையின் கருவிகளும் பழக்கங்களும் இந்த அவசரத்திலிருந்து உருவானவை.

செய்முறை

வெளிச்சத்தின் திசை மாறிவிடும் என்பதால், ஓர் அமர்வு பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதலில் படகின் வெளிக்கோடும் நிழல் விழும் இடங்களும் குறிக்கப்படும். நிழல்களை ஒருமுறை குறித்தபின், வெயில் நகர்ந்தாலும் அவற்றை மாற்றுவதில்லை. முன்னும் பின்னும் குறுகி நடுவில் அகன்ற படகின் விளிம்பு, பார்க்கும் கோணத்துக்கேற்பச் சுருங்கியும் நீண்டும் தெரியும். தொடக்கநிலை மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். வட்டமான பரிசலின் வாய் நீள்வட்டமாகத் தெரியும்.

பிரதிபலிப்புக்குத் தனி இலக்கணம் உண்டு. வெளிர்நிறப் படகின் பிரதிபலிப்பு படகைவிடச் சற்றுக் கருமையாகவும், கருநிறப் படகின் பிரதிபலிப்பு சற்று வெளிறியும் தோன்றும். நீர் சலசலக்கும்போது பிரதிபலிப்பு பார்ப்பவரை நோக்கி நீண்டு, துண்டுதுண்டாக உடையும். நீர்வண்ணத்தில் வரைபவர்கள் அலையின் மினுக்கத்துக்கு வெள்ளைச் சாயம் பூசாமல், தாளின் வெண்மையையே விட்டுவைப்பதுண்டு. கோடை வெயிலில் நீர்வண்ணம் தூரிகை நகர்வதற்குள் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் காயவே காயாது.

ஐரோப்பாவில்

ஆங்கில ஓவியர் டர்னர் 1805ஆம் ஆண்டை ஒட்டித் தேம்ஸ் ஆற்றில் படகில் சென்று எண்ணெய் வண்ணத்தில் சிறு ஓவியங்கள் தீட்டினார். அக்காலத்தில் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. அமெரிக்கரான ஜான் கோஃப் ராண்ட் 1841இல் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்ற பிறகு, வண்ணங்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப முடிந்தது. பிரெஞ்சு ஓவியர் தோபினி 1857இல் ஒரு படகையே ஓவியக்கூடமாக்கி, சேன், உவாஸ் ஆறுகளில் உலவி வரைந்தார். 1870களின் தொடக்கத்தில் குளோத் மொனே, ஆர்ழான்டாய் ஊரில் அதே வழியைப் பின்பற்றினார். அந்தப் படகில் அமர்ந்து மொனே வரைவதை எதுவார் மனே 1874இல் தீட்டிய ஓவியம் மியூனிக்கில் உள்ளது.

இந்தியாவில்

ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் ஆகிய இருவரும் 1788இல் கல்கத்தாவிலிருந்து கங்கையில் படகேறி, வழிநெடுக வரைந்தபடி வடக்கே சென்றனர். 1790களில் கல்கத்தாவில் வாழ்ந்த பெல்ஜிய ஓவியர் சோல்வின்ஸ், வங்காளத்துப் படகு வகைகளைத் தனித்தனிச் செதுக்குப் படங்களாக வெளியிட்டார்.

இந்தத் துறையில் துணைக்கண்டத்தின் சிறந்த எடுத்துக்காட்டு ஜைனுல் ஆபிதீன் (1914–1976). பிரம்மபுத்திரா கரையில் வளர்ந்த இவர், அந்த ஆற்றை வரைந்த நீர்வண்ணத் தொடருக்காக 1938இல் அகில இந்தியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். கயிறு கட்டிப் படகை இழுப்பவர்களின் முதுகு வளைவை அவர் பின்னாளிலும் வரைந்தார். வங்கதேசத்தின் மைமன்சிங் நகரில், அதே ஆற்றங்கரையில் அவருடைய அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

தமிழகத்தில்

தமிழகத்தில் ஆற்றைவிடக் கடலின் படகுகளே ஓவியர்களை அதிகம் ஈர்த்தன. 1802 முதல் 1807 வரை சென்னையில் இருந்த ஆங்கில ஓவியர் ஜார்ஜ் சின்னரி, அலையைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளேற்றிச் சென்ற மசூலா படகுகளைக் கோட்டோவியங்களாக்கினார். சென்னை ஓவியப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டரால் தொடங்கப்பட்டது. அங்கே பயின்று, 1957இல் அதன் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977), இளமைக்கால நீர்வண்ண ஓவியங்களில் கேரளத்தின் கால்வாய்களையும் தென்னந்தோப்புகளையும் பிடித்தார். ஆண்டு முழுதும் நீர் நிற்கும் அந்தக் கால்வாய்கள் தந்த வாய்ப்பைப் பருவமழையை நம்பியிருக்கும் தமிழக ஆறுகள் பெரும்பாலும் தருவதில்லை. ஒகேனக்கல்லில் காவிரிப் பரிசல்கள் இதற்கு விலக்கு. மூங்கில் பின்னல், கரையில் கவிழ்த்துவைத்த கரிய அடிப்பாகம், பாறையில் மோதும் வெள்ளை நீர் என மூன்றும் ஒரே பார்வையில் கிடைப்பது ஓவியருக்கு வசதி.

கள்ளக்குறிச்சிப் பகுதியில்

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தை ஒட்டிச் செல்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வரும், கோடையில் மணல்தான். ஆகவே இங்கே படகுப் போக்குவரத்தோ அதை ஒட்டிய ஓவிய மரபோ வளரவில்லை. நின்ற நீரும் அதன்மேல் மலையின் சாயலும் வேண்டுவோர்க்குக் கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணை உள்ளது. மிதக்கும் படகையே பார்த்து வரைய வேண்டுமானால் மலைமேல் கரியாலூர் படகுக் குழாமுக்குப் போக வேண்டும்.