அட்டப்பாடியில் வந்தவரும் இருந்தவரும்

கோயமுத்தூருக்கு வடமேற்கே மலைச்சாலை ஏறினால் ஆனைகட்டி வருகிறது. அதற்கு அப்பால், பவானியும் சிறுவாணியும் பாயும் அட்டப்பாடி மலைநாடு, இன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரளம் தோன்றும் வரையில், இருபுறமும் ஒரே சென்னை மாகாணமாகவே இருந்தன.

இம்மலைநாட்டின் பழங்குடிகள் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மூவர். ஊருக்கு ஒரு மூப்பன் உண்டு. மண்ணின் காரியங்களைக் கவனிக்க 'மண்ணுக்காரன்' உண்டு. காட்டைத் திருத்தி ராகியும் சாமையும் துவரையும் விதைப்பர். சில ஆண்டுகளில் அவ்விடத்தை விட்டு வேறிடம் செல்வர். நிலம் அவர்களுடைய உழைப்பில் இருந்தது. ஓலையிலோ பத்திரத்திலோ இல்லை. ஏட்டில் உரிமை ஜன்மிகளுக்கே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிழக்கிலிருந்து தமிழ்நாட்டு உழவரும் மேற்கிலிருந்து கேரளச் சமவெளி உழவரும் பெருமளவில் குடியேறினர். முன்னவர் நிலக்கடலையும் பருத்தியும், பின்னவர் மரவள்ளியும் மிளகும் பயிரிட்டனர். அவர்களும் கைப்பிடி நிலம் தேடி வந்த எளியவர்களே. ஆனால் அவர்கள் பத்திரம் அறிந்தவர்கள். குத்தகையாகவும் கடனுக்கு ஈடாகவும் நிலம் மெல்லக் கைமாறியது.

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அட்டப்பாடி மக்களில் ஏறத்தாழ 90 சதவிகிதத்தினர் பழங்குடியினர். 1971-இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. இதில் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும்: பழங்குடியினரின் தொகை குறையவில்லை, பெருகவே செய்தது. குறைந்தது அவர்களுடைய பங்கு. ஒரு கிராமம் தேய்வது வீடுகள் காலியாவதனால் மட்டுமன்று. வீடுகள் நிறைந்துகொண்டே வருகையிலும் அது தேயக்கூடும்.

குடியேற்றத்தினால் நன்மையே இல்லை என்று கூறுவது நியாயமன்று. சாலையும் சந்தையும் பள்ளியும் பெருகின. ஆயினும் காடு அழிந்து, கிழக்குச் சரிவுகள் வறண்டன. அவற்றை மீட்க 1996-இல் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. 2013-இல் பழங்குடிச் சிசுக்களின் மரணச் செய்தி நாட்டையே உலுக்கியது. ஊட்டக்குறைவு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. தானியம் விளைத்த ஊரில் தாய்மாருக்கு உணவு போதவில்லை.

இழந்த நிலத்தை மீட்டுத்தரக் கேரளச் சட்டசபை 1975-இல் சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் 1986-இல்தான் வந்தன. 1999-ஆம் ஆண்டுச் சட்டமோ, இரண்டு ஹெக்டேர் வரையிலான நிலத்தை வாங்கியவரிடமே விட்டு, பழங்குடியினருக்கு மாற்று நிலம் தர வகைசெய்தது. உச்ச நீதிமன்றம் 2009-இல் அதனை ஏற்றது. ஒரு தலைமுறை தாமதித்தால், திருப்பித் தருவதும் ஒரு புதிய அநீதியாகத் தோன்றிவிடுகிறது! அங்கு பிறந்து வளர்ந்த குடியேறிகளின் பிள்ளைகளுக்கும் அதுவே சொந்த ஊர் அல்லவா?

பிழைப்பைத் தேடிப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. நாமும் எங்கோ வந்தவர்களே. வந்த ஊரில் நமக்கு இடம் உண்டா என்று கேட்கப் பழகியிருக்கிறோம். நம் வரவுக்குப் பின்னும் முன்பு இருந்தவருக்கு அங்கே இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்பது நம் கடமையாகும்.