கயிறு பிடிக்கிறவர்கள்

எங்கள் பக்கத்தில் மாட்டை யாரும் அடக்குவதில்லை. விடுகிறோம், அவ்வளவுதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் தென்மாவட்டப் பையன்கள், "உங்க ஊர்ல எத்தனை மாடுண்ணே புடிப்பாங்க?" என்று கேட்பார்கள். ஒன்றும் பிடிக்க மாட்டோம். குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களில் நடப்பது எருது விடும் விழா. தெருவின் இரு பக்கமும் கட்டைத் தடுப்பு. ஒரு முனையில் விட்ட காளை மறுமுனைக்கு ஓட வேண்டும். குறைந்த விநாடியில் எல்லையைத் தாண்டியதற்கு முதல் பரிசு.

விநாடிக் கணக்கெல்லாம் பின்னால் வந்தது. தாத்தா சொன்ன காலத்தில் மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் கழுவி, கொம்புக்கு வண்ணம் பூசி, படையல் போட்டுத் தெருவில் விரட்டிவிடுவார்களாம். எது நன்றாக ஓடியது என்று ஊரே பார்த்துச் சொல்லும். கிருஷ்ணகிரிப் பக்கம் இன்றும் கொம்பில் தட்டி கட்டி விடுகிறார்கள், பறித்தவனுக்குப் பரிசு.

வடாற்காட்டுச் சீமையில் மாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் கல்லில் நிற்கிறார்கள். செங்கம் வட்டார நடுகற்களில் பல, ஆநிரைச் சண்டையில் விழுந்தவர்களுக்கு நட்டவை. அவற்றில் எனக்குப் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அதன் பெயர் கோவிவன் என்றும் எழுதி வைத்தார்கள். எங்கள் விழா பேனரில் காளையின் பெயர் இருக்கும், சொந்தக்காரர் பெயர் இருக்கும். கயிறு பிடித்தவன் பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

ஒரு காளைக்கு நாலைந்து பேர் வேண்டும். மினி லாரியிலிருந்து இறக்கி, கால்நடை டாக்டரிடம் காட்டி, நெரிசலுக்குள் நடத்தி, முறை வரும்வரை அதை நிற்க வைப்பது லேசான வேலை இல்லை. மூக்கணாங்கயிற்றைக் கையில் சுற்றாதே என்பதுதான் சித்தப்பா சொல்லித் தந்த முதல் பாடம். மாடு பாய்ந்தால் விரல் மிஞ்சாது. மேளம் கேட்டதும் விலாத் தோல் சிலிர்க்கும், காது இரண்டும் முன்னால் திரும்பும். அப்போது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "இருடா ராசா, இருடா" என்று சித்தப்பா அதன் கழுத்தோடு ஒட்டி நிற்பார். முறை வந்ததும் பிடிகயிற்றை உருவிவிட்டு ஒரே எட்டில் ஒதுங்க வேண்டும். இன்னும் இரண்டு பேர் மறுமுனையில் காத்திருப்பார்கள். மாடு கொல்லைமேட்டுக்கு ஓடிவிட்டால் அன்று பொழுது தேடுவதிலேயே போகும்.

அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் பந்தயத்தில் நாய்கள் பனிவண்டியை ஏறக்குறைய 1,000 மைல் இழுத்துப் போகும். புறப்படும் இடத்தில் அவை திமிறுவதைத் தாங்க, வண்டிக்காரருக்கு ஒரு கூட்டமே துணை நிற்கிறது. வீடியோவில் பார்த்தேன். கம்பளிக் கோட்டைக் கழற்றினால் எல்லாரும் எங்கள் சித்தப்பாதான்.

தோலில் பிழைக்கிற சீமை மாட்டைக் கொண்டாடுகிறதே என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். பகலில் தோல் வெட்டுகிற கை மாலையில் பருத்திக்கொட்டை ஊறப்போடுகிறது. எங்களுக்கு அதில் குழப்பமில்லை. உச்ச நீதிமன்றமும் எங்களுக்குப் புதிதல்ல. பாலாற்று மணலில்தான் அப்பா காலத்தில் காளைக்கு ஓட்டம் பழக்கினார்கள். அந்த ஆற்றைக் கெடுத்ததற்காக 1996இல் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது அதே நீதிமன்றம். 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்தபோது எங்கள் தெருக்களும் அடங்கின. மெரினா போராட்டத்துக்குப் பிறகு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா மூன்றையும் ஜல்லிக்கட்டு என்பதற்குள்ளேயே பெயர் சொல்லிச் சேர்த்தது. ஜனவரி முதல் மே வரை நடத்தலாம். 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றுக்கொண்டது.

சட்டம் மாட்டைப் பார்த்தது, பார்வையாளரைப் பார்த்தது. கயிற்றுக்காரன் ஒதுங்குவதற்கான அந்த ஓர் எட்டு இடத்தைக் கூட்டம்தான் விட்டுத்தர வேண்டும். தை மாதம் பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து செல்போனை நீட்டிக்கொண்டு விடும் முனையில் நிற்காதீர்கள். தடுப்புக்கு வெளியே நின்றே நன்றாகப் பார்க்கலாம்.