மெலியாய்டோசிஸ்: எல்லாருக்கும் ஒரே சேறு, சிலருக்கு மட்டும் ஏன் நோய்?

பழைய இந்தியன் மெடிக்கல் கெஜட் இதழ்களைப் புரட்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அதில் 1912ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ஆல்ஃப்ரெட் விட்மோர், இன்னொன்று சி.எஸ். கிருஷ்ணசாமி. விட்மோர் ரங்கூன் பொது மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர். கிருஷ்ணசாமி அவருக்குக் கீழே அசிஸ்டென்ட் சர்ஜன். 1911இல் தொடங்கி, அங்கே பிரேதப் பரிசோதனைக்கு வந்த உடல்களில் சில, இருவருக்கும் புதிராகவே இருந்திருக்கின்றன.

நுரையீரல் பாலாடைக்கட்டி மாதிரி கெட்டிப்பட்டுக் கிடந்தது. கல்லீரல், மண்ணீரல், தோலுக்கு அடியில் எல்லாம் சீழ்க்கட்டிகள். பார்த்த உடனே நினைவுக்கு வந்தது கிளாண்டர்ஸ் என்கிற குதிரை நோய். ஆனா மைக்ராஸ்கோப்பில் கிருமி நீந்திக்கொண்டிருந்தது. கிளாண்டர்ஸ் கிருமி நகரவே நகராது. கிண்ணத்தில் வளர்த்தால் இது வேகமாகப் பெருகியது. கிளாண்டர்ஸ் கிருமியை ஆண் கினிப்பன்றிக்கு ஊசி போட்டால் விதைப்பை வீங்கும். இதில் அதுவும் இல்லை. ஆக, இது வேற ஆள். 38 நோயாளிகளின் விவரத்தோடு இரண்டு பேரும் கட்டுரை எழுதினார்கள். நோய்க்குப் பின்னாளில் 'விட்மோர் நோய்' என்று ஒரு பெயர் வந்தது. கிருஷ்ணசாமியின் பெயர் ஒட்டவில்லை.

யாருக்கு வந்தது இந்த நோய்? பலர் மார்ஃபியா ஊசிக்கு அடிமையானவர்கள், ரங்கூன் தெருக்களின் ஏழைகள். அதனால 'மார்ஃபியா ஊசிக்காரர்களின் செப்டிசீமியா' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். அழுக்கு ஊசி, கெட்ட பழக்கம், அதான் நோய். விளக்கம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இப்படிப் பொருந்திப்போகிற விளக்கங்களில் ஒரு சிக்கல் உண்டு: அதுக்கு மேல யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

எலியா, மண்ணா?

அடுத்த கட்டம் கோலாலம்பூர். 1913இல் அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் கினிப்பன்றிகளுக்குள்ளேயே இந்த நோய் பரவியது. கினிப்பன்றிக்கு ஏது மார்ஃபியா ஊசி! அங்கே வேலை செய்த ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும் 1921இல் இதற்கு 'மெலியாய்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'மெலிஸ்' என்பது கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அவர்களுடைய சந்தேகம் எலி மேல் இருந்தது. எலி அசுத்தப்படுத்திய உணவு வழியாகத்தான் நோய் வருகிறது என்று நினைத்தார்கள்.

எலியும் நிரபராதிதான் என்று காட்டியவர்கள் இந்தோசீனாவில் இருந்த பிரெஞ்சு மருத்துவர்கள். 1950களுக்குள் வியட்நாமின் தண்ணீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் கிருமியைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். கிருமியின் இன்றைய பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை. அது பிழைக்க மனிதனும் வேண்டாம், எலியும் வேண்டாம். ஈர மண்ணே போதும். வயலில் வெறுங்காலோடு இறங்கும்போது கீறல் வழியாக நுழையும். மழைக்காற்றில் மூச்சு வழியாகவும், குடிக்கிற தண்ணீர் வழியாகவும் போகும்.

இங்கேதான் கேள்வி திரும்புகிறது. வடகிழக்குத் தாய்லாந்தில் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. அதாவது, கிருமியை ஏறக்குறைய எல்லாரும் சந்தித்திருக்கிறார்கள். படுக்கையில் விழுந்தவர்கள் ரொம்பச் சிலர். சேறு ஒன்றுதான் என்றால், வித்தியாசம் மனிதனுக்குள்ளே இருக்கவேண்டும் இல்லையா?

உள்ளே நடக்கிற சண்டை

கிருமி நுழைந்ததும் முதலில் ஓடி வருவது நியூட்ரோபில் என்கிற வெள்ளணு. கிருமியை விழுங்கி, ஆக்சிஜனிலிருந்து தயாரித்த நச்சு வேதிப்பொருள்களால் கொல்லப் பார்க்கும். கூடவே மேக்ரோஃபேஜ் என்கிற பெரிய விழுங்கணுவும் வரும். பொதுவாக இதோடு கதை முடிந்துவிடும்.

இந்தக் கிருமி லேசுப்பட்டதில்லை. 'இதைப் பிடி' என்று ரத்தப் புரதங்கள் கிருமிகள் மேல் முத்திரை குத்தும். இதன் மேலுறை அந்த முத்திரையை ஒட்டவிடாது. விழுங்கப்பட்டாலும் சும்மா இருக்காது. ஊசி மாதிரியான ஒரு புரத அமைப்பின் உதவியோடு, தன்னை அடைத்து வைத்த பையை உடைத்துக்கொண்டு செல்லுக்குள்ளேயே வெளியேறும். பிறகு அந்தச் செல்லின் சொந்த ஆக்டின் இழைகளை வால் மாதிரி கட்டிக்கொண்டு அடுத்த செல்லுக்குத் தாவும். பக்கத்துச் செல்களை ஒன்றாக ஒட்டவைத்துப் பல கருக்கள் கொண்ட ஒரே ராட்சசச் செல்லாக மாற்றவும் தெரியும். செல்லுக்கு வெளியே தலை காட்டாமலே பரவுகிற கிருமியை ஆன்டிபாடி எப்படிப் பிடிக்கும்?

அப்போ எது பிடிக்கும்? 1999இல் வெளியான எலிச் சோதனை ஒன்றில், இன்டர்ஃபெரான்-காமா என்கிற ஒரே ஒரு சமிக்ஞைப் புரதத்தை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன், எலிகளில் பாதி சாக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. தடுத்த பிறகு ஏறக்குறைய இரண்டே கிருமிகள் போதுமாக இருந்தது. அந்த எண்ணை நான் இரண்டு தடவை படித்தேன்.

மனிதர்களில் துப்பு இன்னும் சுவாரசியம். மெலியாய்டோசிஸ் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நீரிழிவுக்காரர்கள். ஆனால் தாய்லாந்து ஆய்வுகளில் எச்.ஐ.வி. இந்த நோய்க்கு ஒரு ஆபத்துக் காரணியாகத் தெரியவில்லை. எச்.ஐ.வி. காலி செய்வது டி-செல்களை. நீரிழிவில் மந்தமாவது முதலில் ஓடி வர வேண்டிய நியூட்ரோபில். சர்க்கரை நோயாளிகளின் நியூட்ரோபில்களைச் சோதித்தபோது, அவை இந்தக் கிருமியைச் சரியாக விழுங்கவில்லை, அழைப்பு வந்த பக்கம் சரியாக நகரவும் இல்லை. ஆக, முதல் சில மணி நேரம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

பாதுகாப்பே பகையாகும்போது

முதல் சுற்றில் தோற்றால் கிருமி ரத்தத்தில் கலக்கும். அப்போ உடம்பு எல்லா மணியையும் ஒரே நேரத்தில் அடிக்கிறது. அழற்சிப் புரதங்கள் வெள்ளமாகப் பாயும். ரத்த அழுத்தம் விழும். சிறுநீரகமும் நுரையீரலும் கைவிடும். இதுதான் செப்சிஸ். மந்தமாகத் தொடங்கிய பாதுகாப்பு, அளவு மீறி முடிகிறது.

1989இல் தாய்லாந்தில் செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் வந்து, கடும் மெலியாய்டோசிஸில் இறப்பை 74 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைத்தது. மீதியைக் குறைக்க நோய் எதிர்ப்பாற்றலையே சரிசெய்தால் என்ன? ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1998 கடைசியில் அதை முயன்றார்கள். நியூட்ரோபில்களைப் பெருக்கும் ஜி-சி.எஸ்.எஃப். மருந்தைக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, செப்டிக் அதிர்ச்சிக்குப் போனவர்களில் இறப்பு 95 சதவீதத்திலிருந்து 10க்கு இறங்கியது. அற்புதம்னு தோணும். ஆனா தாய்லாந்தில் 60 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது, மருந்து பெற்றவர்களில் 70 சதவீதம் பேர், பெறாதவர்களில் 87 சதவீதம் பேர் இறந்தார்கள். உயிரோடு இருந்த நாட்கள் கொஞ்சம் நீண்டன. இறப்பு குறைந்தது என்று புள்ளியியல்படி அடித்துச் சொல்ல முடியவில்லை. டார்வினில் அதே காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவும் மேம்பட்டிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை.

நம் பக்கம்

2016இல் வெளியான ஒரு கணிப்பு, உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்த நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது. அதில் 44 சதவீதச் சுமை தெற்காசியாவில். வேலூரிலிருந்து டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1996இலேயே இதைப் பற்றி எழுதி எச்சரித்தார். நம் ஊரில் நெல் வயலும் நிறைய, சர்க்கரை நோயும் நிறைய. நுரையீரலில் கெட்டிப்பட்ட இடம், இளைப்பு, காய்ச்சல் என்று வந்தால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். காசநோய் மாத்திரை இதைக் குணமாக்காது. கல்ச்சர் செய்தாலும், பரிச்சயமில்லாத ஆய்வகம் இதை ஏதோ சூடோமோனாஸ் என்று எழுதிவிடக்கூடும்.

ரங்கூனில் நோயாளியின் பழக்கத்தைச் சொல்லிக் கேள்வியை மூடினார்கள். இன்றைக்கு நாம் 'சுகர் பேஷன்ட், அப்படித்தான்' என்று மூடிவிட வாய்ப்பிருக்கிறது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்து, மழைக்காலத்துக்குப் பின் விடாத காய்ச்சலோ, ஆறாத சீழ்க்கட்டியோ, மருந்துக்கு அசையாத 'காசநோயோ' வந்தால், ரத்தமும் சீழும் கல்ச்சருக்குப் போயிற்றா, மெலியாய்டோசிஸுக்கும் பார்த்தீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது: குறைந்தது பத்து நாள் ஊசி, பிறகு மூன்று மாதமாவது மாத்திரை. வயலில் இறங்குபவர்களுக்குக் காலில் பூட்ஸ், புண்ணுக்குக் கட்டு, கட்டுப்பாட்டில் சர்க்கரை.