யாழ் நூலைச் சுமந்த கைகள்

கல்லடிப் பாலத்தைக் கடந்து உப்போடைப் பக்கம் செல்லும்போதெல்லாம் சிவானந்த வித்தியாலய வளவினுள் நுழைந்து, சுவாமி விபுலாநந்தரின் சமாதியருகே சிறிது நேரம் நிற்பது என் நெடுநாள் வழக்கம். சென்ற மாதம் என்னுடன் ஓர் இளம் எழுத்தாளரும் வந்திருந்தார். முதல் நாவலை எழுதி முடித்தவர். அதனை ஆங்கிலத்தில் பெயர்ப்பித்து வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றிடம் சேர்ப்பிப்பதாகக் கூறும் இலக்கிய முகவர் ஒருவரின் ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது.

"ஐயா, இவரை நம்பிக் கையெழுத்து வைக்கலாமா?" என்றார்.

உடனே விடை கூற இயலவில்லை. எதிரே துயில்பவரின் நூல் அச்சேறிய வரலாறுதான் நினைவில் எழுந்தது.

காரைதீவில் 1892இல் பிறந்த அடிகளார், சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் திறவுகோலாகக் கொண்டு, மறைந்துபோன பழந்தமிழ் யாழின் இலக்கணத்தை மீட்கப் பல்லாண்டுகள் உழைத்தார். கணிதமும் இசையும் இலக்கியமும் பின்னிப் பிணைந்த நூல் அது. விற்றுப் பொருளீட்டலாம் என்று எந்த வணிகப் பதிப்பாளரும் எண்ணியிருக்க மாட்டார். போதாக்குறைக்குப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு வேறு.

அந்நூலை ஏற்று வெளியிட்டது, தஞ்சையில் 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம். அடிகளாருக்கு அச்சங்கம் புதியதன்று. அதன் 'தமிழ்ப்பொழில்' இதழில் அவருடைய இசை ஆராய்ச்சிக் கட்டுரைகள் முன்னரே வெளிவந்திருந்தன. தம் எழுத்தை அவர்கள் எவ்வாறு பேணுவர் என்பதை நூலை ஒப்படைக்குமுன்பே அவர் கண்டிருந்தார். பொருளுதவி புரிந்தவர் பெ. ராம. ராம. சித. சிதம்பரம் செட்டியார். 1947 ஜூன் 5, 6ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடிகளாரின் ஆராய்ச்சிப்படி செய்யப்பட்ட இசைக் கருவிகளும் அங்கே ஒலித்தன.

அதன்பின் ஆறே வாரங்கள். ஜூலை 19ஆம் நாள் அடிகளார் கொழும்பில் மறைந்தார். ஆசிரியர் இல்லாத அந்த நூலைச் சங்கம் கைவிட்டுவிடவில்லை. 1974இல் இரண்டாம் பதிப்பையும் அதுவே கொணர்ந்தது. கேட்பதற்கு ஆசிரியர் உயிருடன் இல்லாத அந்த இருபத்தேழு ஆண்டுகளைத்தான் நான் பெரிதும் மதிக்கின்றேன்.

நம்மவர்க்கு அக்காலத்தில் முகவர் என்ற ஆளே கிடையாது. நாவலர் பெருமான் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து தாமே அச்சுக்கூடம் நடத்தினார். ஏனையோர் புரவலரையோ சங்கத்தையோ நாடினர். இலண்டனிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஏ. பி. வாட் என்பவர் இதனை ஒரு தொழிலாக நிலைநாட்டிவிட்டார். எழுத்தாளருக்குக் கிடைக்கும் வருவாயில் நூற்றுக்குப் பத்து அவருடைய பங்கு. நூல் விலைபோகாவிடில் அவருக்கும் ஒன்றுமில்லை. இன்று அப்பங்கு பொதுவாக 15 விழுக்காடு. பிறமொழி உரிமைகளுக்கு 20 வரை செல்லும். தமிழுக்கு இத்தொழில் இப்போதுதான் வருகிறது. 2023இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி, மொழிபெயர்ப்பு உரிமைகளைக் கைமாற்றுவதையே நோக்கமாகக் கொண்டது.

புதிய தொழில் வருமிடத்தில் போலிகளும் வருவர். இதை நான் பட்டறிந்து கூறுகின்றேன். பத்திரிகைப் பணியில் சேர்ந்த புதிதில், சென்னையில் நூலாக்கித் தருவதாகக் கூறிய ஒருவரிடம் என் சிறுகதைத் தொகுதியையும் இரண்டு மாதச் சம்பளத்தையும் கொடுத்தேன். பிரதி எடுத்து வைக்கவில்லை. காசு போனது பெரிதன்று. பதினொரு கதைகளுள் மூன்றை இன்றும் என்னால் நினைவிலிருந்து மீட்க முடியவில்லை.

சமாதியருகே இருந்த மரநிழலில் அமர்ந்து அந்த ஒப்பந்தத்தை இருவரும் படித்தோம். முதற்பக்கத்திலேயே 'வாசிப்புக் கட்டணம்' என்றொரு தொகை. நேர்மையான முகவர் எழுத்தாளரிடம் முன்பணம் கேட்பதில்லை. நூலை விற்ற பின்னரே தம் பங்கை எடுப்பார். மூன்றாம் பக்கத்தில் உலகின் எல்லா மொழிகளுக்குமான உரிமை, கால வரையறை ஏதுமின்றி. விலகிக்கொள்ள வழி எங்கே என்று தேடினோம். அப்படி ஒரு வாசகமே இல்லை. இதுவரை அவர் விற்றுக்கொடுத்த நூல்கள் எவை, வாங்கிய பதிப்பகங்கள் எவை என்ற விவரமும் இல்லை.

"இவர் மூலம் நூல் வெளிவந்த இருவருடைய பெயரைக் கேளுங்கள் தம்பி. அவர்களுடன் நீங்களே பேசுங்கள். கணக்கு ஆண்டுதோறும் வருகிறதா என்றும் விசாரியுங்கள்" என்றேன். கட்டணத்தை நீக்கும்படியும், உரிமைக்கு ஒரு கால எல்லை வைக்கும்படியும் எழுதச் சொன்னேன்.

இரு வாரங்களின் பின் அவரிடமிருந்து மடல் வந்தது. பெயர்கள் எவையும் தரப்படவில்லையாம். கட்டணத்தை மட்டும் பாதியாகக் குறைப்பதாக எழுதியிருந்தார்களாம். அவர் கையெழுத்திடவில்லை. நாவலின் முதல் இரு அத்தியாயங்களை இங்குள்ள ஒரு சிற்றிதழுக்கு அனுப்பியிருக்கிறார். இம்முறை பிரதி எடுத்து வைத்திருக்கிறாரா என்று கேட்டு மறுமடல் எழுதியுள்ளேன்.