சங்கு பற்பம் முதலிய கடல்சார் சுண்ண மருந்துகள்

சங்கு, முத்துச்சிப்பி, பலகறை, பவழம், கடல்நுரை ஆகிய கடற்பொருள்களிலிருந்து செய்யப்படும் சுண்ணாம்புச்சத்து மருந்துகளும் துணையுணவுகளும் இத்தலைப்பில் அடங்கும். சித்த மருத்துவத்தில் இவை பற்பங்களாகவும், ஆயுர்வேதத்தில் பஸ்பம், பிஷ்டி என்னும் வடிவங்களிலும் வழங்குகின்றன. மேலைநாட்டுச் சந்தையில் சிப்பியோட்டுக் கால்சியம், பவழக் கால்சியம், செம்பாசிக் கனிமம் என்னும் பெயர்களில் மாத்திரைகளாக விற்கின்றன. இவை அனைத்திலும் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட்தான். வயிற்றெரிச்சலுக்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் ஒரே பொடியை எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. ஆனால் இவ்விரண்டு பயன்களுக்கும் உள்ள சான்றுகள் ஒரே வலிமை உடையவை அல்ல. பற்பத்தின் வழக்கமான அளவு வயிற்றுக்கு ஓரளவு போதும், எலும்புக்குப் போதாது.

சென்னையில்

தென்சென்னையில் இம்மருந்துகளுக்குத் தொடர்ச்சியான வரலாறு உண்டு. மயிலாப்பூரில் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905இல் தொடங்கிய வேங்கடரமணா ஆயுர்வேத மருந்தகம், நகரத்தில் உள்நாட்டு மருத்துவத்துக்கு அமைப்புவழி இடம் கொடுத்த முன்னோடிகளில் ஒன்று. அதே ஊரின் கச்சேரி சாலையில் உள்ள டப்பா செட்டி கடை, நாட்டு மருந்துக் கடை என்றாலே பலர் முதலில் சொல்லும் பெயர்.

உள்நாட்டு மருத்துவத்தை ஆராய அன்றைய சென்னை அரசு 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை 1923இல் வெளிவந்தது. தியாகராய நகரில் நாள்தோறும் கூட்டம் நெரியும் உஸ்மான் சாலை இவர் பெயரைத் தாங்கியதுதான் என்பது கடைவீதிக்குப் போகும் பலருக்குத் தெரியாது. குழுவின் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. மேலை மருத்துவம் படித்த இவர், பின்னர் கீழ்ப்பாக்கத்தில் உருவான அரசு இந்திய மருத்துவப் பள்ளியின் முதல் தலைவரானார். அடையாறு நூலகத்துக்கும் இயக்குநராக இருந்தார். மருத்துவர்கள் கூடி 1944இல் தொடங்கிய கூட்டுறவு மருந்து நிலையமான இம்ப்காப்ஸ், இன்று அடையாற்றை ஒட்டிய திருவான்மியூரில் இயங்குகிறது. சங்கு பற்பமும் முத்துச்சிப்பி பற்பமும் அதன் தயாரிப்புகளில் உள்ளவை. ஆராய்ச்சியைப் பொறுத்தவரை, அரும்பாக்கத்தில் மத்திய அரசின் சித்த ஆராய்ச்சி நிறுவனமும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உள்ளன.

மூலப்பொருளும் செய்முறையும்

மருந்துக்குரிய வெண்சங்கு மன்னார் வளைகுடாவில், குறிப்பாகத் தூத்துக்குடி, கீழக்கரைக் கடல்களில் குளித்தெடுக்கப்படுவது. இத்தொழிலைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னல் எழுதிய விரிவான நூலைச் சென்னை மீன்வளத் துறை 1914இல் வெளியிட்டது. சங்கின் ஓடு அரகோனைட் என்னும் படிக வடிவில் உள்ள கால்சியம் கார்பனேட். முத்துச்சிப்பியில் பளபளக்கும் உள்ளடுக்கு அரகோனைட், வெளியடுக்கு கால்சைட். படிகங்களுக்கு இடையே பசைபோல நிற்கும் சிறிதளவு புரதம் பற்பம் செய்யும் சூட்டில் எரிந்துவிடும். ஆகவே ஓட்டுக்குரிய ‘உயிர்ச்சத்து’ பற்பத்திலும் இருக்கிறது என்று விற்பனையாளர் சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

செய்முறை நிதானமானது. ஓட்டை உடைத்து, எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பிலோ சுண்ணாம்புத் தெளிநீரிலோ இட்டுச் சுத்திசெய்வார்கள். கழுவி உலர்த்தியபின் கல்வத்தில் இட்டு மூலிகைச் சாறு விட்டு அரைப்பார்கள். அரைத்ததை வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் அடுக்கி, மேலே இன்னோர் அகலால் மூடி, விளிம்பைச் சீலைமண் செய்து வறட்டி அடுக்கிப் புடம் போடுவார்கள். வறட்டியின் எண்ணிக்கைதான் வெப்பத்தின் அளவுகோல்: காடைப்புடத்துக்கு ஒன்று, கவுதாரிப்புடத்துக்கு மூன்று, கோழிப்புடத்துக்குப் பத்து, கசபுடத்துக்கு ஆயிரம். தொழிற்கூடங்களில் மின்சூளையும் இப்போது பயன்படுகிறது.

ஆறியபின் அகலைத் திறந்தால் வில்லைகள் வெளுத்து, விரலிடையில் நசுக்கினால் மாவாக உதிரும். பற்பம் முடிந்துவிட்டதா என்று அறிய நான்கு அடையாளங்கள் சொல்லப்படுகின்றன: பளபளப்பு போயிருக்க வேண்டும், நாவில் சுவை இருக்கக் கூடாது, ஒரு சிட்டிகையை நீர்மேல் தூவினால் மிதக்க வேண்டும், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்தால் ரேகைகளில் படிய வேண்டும். இவற்றில் சுவைச் சோதனை வேதியியலோடு அழகாகப் பொருந்துகிறது. வெப்பம் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கால்சியம் கார்பனேட் கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாக மாறும். அது நாக்கைச் சுடும், குடலைப் புண்ணாக்கும். காற்றுப்பட நின்று ஈரத்தையும் கரியமில வாயுவையும் திரும்ப ஏற்றுக்கொண்டால்தான் காரம் அடங்கும். நாவில் உறைக்கும் பற்பத்தை வைத்தியர் தள்ளியது இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் உதவியிருக்கிறது. மிதப்பதும் ரேகையில் படிவதும் நுண்மையைக் காட்டும். ஆனால் பொடியில் ஈயம் கலந்திருக்கிறதா என்பதை இந்த நான்கில் ஒன்றும் காட்டாது.

வயிற்றுக்கு

சித்த நூல்கள் சங்கு பற்பத்தைக் குன்மம், வயிற்றுவலி, எரிச்சல் ஆகியவற்றுக்கு நெய், வெண்ணெய், மோர் போன்ற அனுபானங்களுடன் கொடுக்கச் சொல்கின்றன. இதன் அடிப்படை வேலை தெளிவானது. கால்சியம் கார்பனேட் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்து அதைத் தணிக்கிறது. கரியமில வாயு வெளியேறுவதால் ஏப்பம் வருகிறது. ஆங்கில மருந்துக்கடையில் கிடைக்கும் பல அமில எதிர்ப்பு மாத்திரைகளும் இதையே செய்கின்றன.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். பற்பங்கள் குன்றிமணி எடையில் கொடுக்கப்படுபவை. ஒரு குன்றி 130 மில்லிகிராம். இரண்டு குன்றி, அதாவது 260 மில்லிகிராம் தூய கால்சியம் கார்பனேட், சுமார் 5 மில்லி ஈக்விவலென்ட் அமிலத்தைத் தணிக்கும். அமெரிக்க மருந்து விதிகள் ஓர் அமில எதிர்ப்பு மருந்துக்கு ஒரு வேளையில் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அளவும் இதுவே. பரம்பரை அளவு இவ்வளவு நெருங்கி வருவது கவனிக்கத்தக்கது. சங்கு பஸ்பம் எலிகளின் இரைப்பைப் புண்ணைக் குறைத்ததாகக் கொல்கத்தா ஆய்வாளர்கள் 2000இல் இந்திய மருந்தியல் இதழில் எழுதினர். அவர்களே அதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் குறித்தனர். தற்காலிக எரிச்சலைத் தணிக்கும் என்று சொல்ல வேதியியலே போதும். புண்ணை ஆற்றும் என்று சொல்ல மனிதரிடம் நடந்த நல்ல ஆய்வு வேண்டும். நாள்பட்ட புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் கிருமியோ வலி மாத்திரையோ காரணமாக இருக்கலாம். பற்பம் அக்காரணத்தைத் தொடாது.

பெருங்குடலைப் பற்றிய ஆராய்ச்சி வேறு திசையில் போகிறது. வட அட்லாண்டிக் கடலில் விளையும் லித்தோதாம்னியன் என்னும் செம்பாசி, தன் உடம்பில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துக் கல்லாக இறுகுவது. இதிலிருந்து எடுக்கும் கனிமம் ‘அக்வாமின்’ என்ற பெயரில் விற்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொழுப்பு மிகுந்த உணவு உண்ட எலிகளின் குடலில் கட்டிகள் உருவாவதை இது குறைத்ததைக் கண்டு, பிறகு சிறிய மனித ஆய்வுகளுக்குச் சென்றனர். அவை குடற்சவ்வின் புரதங்களில் மாற்றத்தைப் பதிவுசெய்தன. நோயைத் தடுத்ததாக இன்னும் காட்டவில்லை.

எலும்புக்கு

இங்கும் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். கால்சியம் கார்பனேட்டின் எடையில் 40 விழுக்காடுதான் கால்சியம். ஒரு குன்றி பற்பத்தை நாளுக்கு இருவேளை உண்டால் கிடைப்பது சுமார் 104 மில்லிகிராம் கால்சியம். இது 100 மில்லிலிட்டர் பாலில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவருக்கு நாளுக்கு 1000 மில்லிகிராமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராமும் தேவை. 100 கிராம் கேழ்வரகிலேயே 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆகவே பற்பத்தை நம்பி எலும்புத் தேய்மானத்தைத் தடுக்க முடியாது. தேவையை நிரப்பும் அளவுக்குப் பற்பத்தைக் கூட்டினால் அது வைத்திய அளவைப் பல மடங்கு தாண்டிவிடும்.

‘பவழமும் முத்தும் வெறும் கால்சியம் அல்ல, நுண்கனிமங்கள் உள்ளவை’ என்பது அடுத்து வரும் வாதம். மணிப்பாலில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், கால்சியம் குறைந்த உணவில் வளர்ந்த எலிகளின் எலும்பைப் பவழ பஸ்பம் மேம்படுத்தியது. கால்சியமே கிடைக்காத எலிக்குக் கால்சியம் கொடுத்தால் எலும்பு தேறும். இதனால் பவழத்துக்குத் தனிச்சிறப்பு நிறுவப்படவில்லை. இதற்கு நல்ல உரைகல்லாக இருப்பது, வட அயர்லாந்தில் மாதவிடாய் நின்ற 300 பெண்களிடம் 24 மாதம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு. செம்பாசிக் கால்சியத்தை நாளுக்கு 800 மில்லிகிராம் கொடுத்தும் அவர்களின் எலும்பு அடர்த்தியில் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சாதாரணக் கால்சியத்துக்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவில் 36,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டியும் சேர்ந்து இடுப்பு எலும்பு முறிவைப் புள்ளியியல்படி உறுதியாகக் குறைக்கவில்லை. சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடியது.

பவழத்திலிருந்து எலும்பு

இப்பொருளில் சென்னையின் தனிப் பங்களிப்பு உண்ணும் மருந்தில் அல்ல, எலும்பில் பொருத்தும் பொருளில் இருக்கிறது. அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உயிர்ப்பொருள் பிரிவு, இந்தியக் கடற்பவழத்தைச் சூடாக்கிப் பாஸ்பேட்டுடன் வினைபுரியச் செய்து ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றியது. எலும்பின் கனிமப் பகுதியும் இதே வகைப் பொருள்தான். இந்த ஆய்வு ‘பயோமெட்டீரியல்ஸ்’ இதழில் 1996இல் வந்தது. பாரிசில் எவ்லின் லோபஸ் குழுவினர் 1992இல், முத்துச்சிப்பியின் உள்ளடுக்கு எலும்புச் செல்களைத் தூண்டுவதைச் சோதனைக் குழாயில் காட்டியிருந்தனர். இவ்விரண்டு ஆய்வுகளையும் காட்டிப் பற்பத்தை விற்பது தவறு. உடைந்த எலும்பின் இடுக்கில் வைக்கும் துண்டு வேறு. இரைப்பை அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் கலக்கும் பொடி வேறு.

தூய்மையும் சட்டமும்

ஓட்டுமீன்களும் சிப்பிகளும் வாழும் நீரின் உலோகங்களைத் தம்மிடம் சேர்த்துக்கொள்பவை. சிப்பியோட்டுக் கால்சியத்தில் ஈயம் இருப்பதை வட அமெரிக்க ஆய்வு ஒன்று 1993இலேயே சுட்டியது. இந்திய ஆயுஷ் மருந்துகளுக்கான வரம்பு, பத்து இலட்சத்தில் ஈயம் 10 பங்கு, ஆர்சனிக் 3 பங்கு, பாதரசம் 1 பங்கு, காட்மியம் 0.3 பங்கு. சித்த மருந்தாக விற்பது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டும். துணையுணவாக விற்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளுக்குள் வரும். ஒகினாவாப் பவழக் கால்சியம் புற்றுநோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்தவர்கள்மேல் அமெரிக்க வணிக ஆணையம் 2003இல் நடவடிக்கை எடுத்தது.

கடலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாறைப் பவழங்கள் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து அவற்றை வெட்டி எடுப்பது குற்றம். தூத்துக்குடியின் இயற்கை முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை. கால்சியத்துக்காகப் பவழத்தை எடுக்க வேண்டிய மருத்துவத் தேவை எதுவும் இல்லை.

பயன்படுத்துவோர் கவனத்துக்கு

சிறுநீரகக் கல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை உண்ணக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது. எலும்புக்காகக் கார்பனேட் வகைக் கால்சியத்தை எடுப்பவர்கள் உணவோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் கால்சியத்துக்கு மிகாமல் எடுத்தால் நன்கு சேரும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களுக்கு அது சரியாகச் சேராது. உதிரியாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பற்பத்தை வாங்காமல், உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் அச்சிட்ட புட்டியை வாங்குங்கள். எரிச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, பற்பத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.