படுவான்கரையும் பள்ளிக்கூடமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவை உள்ளடக்கிய படுவான்கரைப் பிள்ளைகள் கல்வியிற் பின்தங்கியது ஏன்? குடும்ப வழக்கமும் கோயிற் சடங்குமே காரணம் என்று கற்றோர் பலர் எளிதில் விடை கூறிவிடுகின்றனர். வரலாறு இவ்விடையை ஏற்கிறதா என நாம் ஆராய்தல் வேண்டும்.

1814இல் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பிற் பள்ளி தொடங்கினார். அன்று கல்வி வேதாகமத்தோடு கைகோத்து வந்தது. பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை தம் தெய்வத்தைக் கைவிடுமோ எனச் சைவப் பெற்றோர் அஞ்சினர். அவர்கள் அஞ்சியது மதமாற்றத்துக்கே, எழுத்தறிவுக்கன்று. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் இதனை உணர்ந்தார். 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தபோது, சமயமே கல்விக்கு வாயிலாயிற்று.

ஆயினும் அப்பள்ளியும் எழுவான்கரையிலேயே நின்றது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் ஒழிந்தது, வாவி ஒழியவில்லை. வயலும் விடவில்லை. மாரி மழையை நம்பி விதைத்த நெல் தை, மாசியில் அறுவடைக்கு வரும். பள்ளியாண்டு தொடங்கும் காலமும் அதுவே. போடியாரின் வட்டையில் உழைக்கும் முல்லைக்காரனுக்கு, குருவி விரட்டவும் மாடு மேய்க்கவும் பிள்ளையின் கையும் வேண்டியிருந்தது. இதனைப் பண்பாடு என்பதா, வறுமை என்பதா?

இக்கிராமங்கள் கற்பித்தலை அறியாதனவல்ல. களரியில் அண்ணாவியார் இரவிரவாகப் பயிற்ற, எழுத்தறியாத உழவரும் நூற்றுக்கணக்கான பாடல்களை மனனஞ் செய்து கூத்தாடினர். 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மேடையேற்றியதும் இக்கலையையே. பாமரர் எனப்பட்டோரிடமிருந்து பல்கலைக்கழகம் பாடங் கற்றது!

இதனாற் பழைமை யாவற்றையும் நாம் போற்றுகிறோமல்லோம். மகளுக்கு வீட்டையே சீதனமாகக் கொடுக்கும் தாய்வழிச் சமுதாயம், அவள் பூப்பெய்தியதும் பள்ளியை மறக்கச் செய்த கொடுமையும் உண்டு. கோயில் முன்னுரிமையிற் குடிகளை மேல் கீழாக வரிசைப்படுத்திய வழக்கமும் உண்டு. இவற்றை எதிர்த்தே ஆகவேண்டும். ஆனால், வறுமையின் குற்றத்தை நம்பிக்கையின் தலையிற் சுமத்துவோர் நிலவுடைமையைக் காப்பாற்றுகின்றனர். அரசின் கடமையையும் மறைக்கின்றனர்.

ஆசிரிய நண்பர்களே, தை மாதத்தில் வகுப்பறையில் ஒரு பிள்ளையின் இடம் வெறுமையாயின், அதன் தெய்வத்தைக் குறை கூறுமுன் அதன் தந்தையின் வயல் யாருடையது என்று கேளுங்கள்.